கஞ்சா லீகலான ஸ்டேட்டா பாத்து எம்.எஸ். சேரலாமான்னு கேக்குற தம்பிக்கு (அம்மா அப்பாவும் படிக்கலாம்)

தம்பி, உன் பேர் ஊர் எதுவும் போடாம பதிலை மட்டும் பொதுவுல எழுதுறேன், ஏன்னா இதே கேள்வி சுத்தி வளைச்சு நிறைய பேர்கிட்டருந்து வருது, நீ ஒருத்தன்தான் பட்டுனு கேட்டுட்ட. டெக்சாஸ்ல யூ.டி. டாலஸ் யூனிவர்சிட்டியில ஒரு அட்மிட், நியூ ஜெர்சியில என்.ஜே.ஐ.டி.ங்கிற காலேஜ்ல ஒரு அட்மிட், ரெண்டும் டேட்டா சயின்ஸ். வீக்கெண்ட் ஆனா கஞ்சா அடிக்கிற பழக்கம் இருக்கு. அதனால எந்த ஸ்டேட்டுக்குப் போகலாம், அந்த ஸ்டேட்டுக்குள்ள எந்த ஊர்ல ரூம் எடுத்தா தொந்தரவு இல்லாம இருக்கலாம், இதான கேள்வி?

எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசாவுல போற உனக்கு அப்படி ஒரு ஊரே அமெரிக்காவுல கிடையாது. அந்த ஊர் குடிமகன் ஒருத்தன் இதே கேள்வியைக் கேட்டா உக்காந்து மேப் விரிச்சு பேசலாம், அவனுக்கு ஊருக்கு ஊர் நிஜமாவே வித்தியாசம் இருக்கு. உனக்கு இல்ல, ஏன்னா கஞ்சாவை லீகல் ஆக்குனது ஸ்டேட், உன் விசாவைக் கையில வச்சிருக்கிறது ஃபெடரல் கவர்மெண்ட். ஃபெடரல் சட்டத்துல 1970லயே அதை ஷெட்யூல் 1ல, அதாவது ரொம்பக் கடுமையா தடை செஞ்ச போதைப்பொருள் லிஸ்ட்ல, போட்டாங்க. அதைக் கொஞ்சம் தளர்வான ஷெட்யூல் 3க்கு இறக்குறதுக்கு 2024ல முறைப்படி வேலை தொடங்குச்சு, அதைப் பாத்துட்டு "அண்ணா இப்ப லீகல் ஆகிடும்ல"ன்னு கேக்காத, ஷெட்யூல் 3ன்னாலும் அது கண்ட்ரோல்டு சப்ஸ்டன்ஸ்தான், அதாவது சட்டம் கட்டுப்படுத்துற போதைப்பொருள்தான், இமிக்ரேஷன் சட்டம் பாக்குறது அந்த லிஸ்ட்டைத்தான்.

முதல்ல டெக்சாஸ். இங்க 2 அவுன்ஸுக்குக் கீழ வச்சிருந்தாலே 180 நாள் வரைக்கும் ஜெயில், 2000 டாலர் வரைக்கும் ஃபைன். இது இலைக்கு. வேப் பென்ல இருக்கிற எண்ணெய், கஞ்சா சேத்த கம்மி மிட்டாய் மாதிரி சமாச்சாரம்லாம் வேற கணக்கு, டி.எச்.சி. (கஞ்சாவுல போதை தர்ற பொருள்) கான்சன்ட்ரேட்டுன்னு எடுத்துப்பாங்க, 1 கிராமுக்குக் கீழ இருந்தாலும் அது ஃபெலனி, அதாவது பெரிய குத்தம். நம்ம பசங்க இதைத்தான் தலைகீழா நினைச்சுட்டு இருக்காங்க, பொட்டலம்னா ரிஸ்க்கு, வேப் பென் பாக்கெட்ல இருந்தா யாருக்குத் தெரியப்போகுதுன்னு. டெக்சாஸ்ல பொட்டலத்தைவிட அந்தப் பென்தான் பெரிய கேஸ்.

இப்ப நீ அனுப்புன நியூஸ், டாலஸ்ல 2024 நவம்பர்ல ஓட்டுப்போட்டு 4 அவுன்ஸ் வரைக்கும் அரெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு. ஓட்டுப்போட்டது நிஜம். ஆனா ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் உடனே அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிட்டாரு, ஆஸ்டின் மேலயும் இதே மாதிரி ஒரு விதிக்காக ஏற்கனவே கேஸ் போட்டவருதான் அவரு. அதைவிட முக்கியமா ஒண்ணு, நீ படிக்கப்போற யூ.டி. டாலஸ் பேர்ல டாலஸ் இருக்கே தவிர கேம்பஸ் இருக்கிறது ரிச்சர்ட்சன்ல. ரூம் தேடுற பசங்க எல்லாம் காமெட் க்ரூஸர் பஸ் வர்ற ரூட்டாப் பாத்துத்தான் எடுக்குறாங்க, கொஞ்சம் தள்ளுனா பிளேனோ வந்துடும், இதெல்லாம் தனித்தனி சிட்டி, தனித்தனி போலீஸ். டாலஸ் சிட்டிக்காரன் போட்ட ஓட்டு ரிச்சர்ட்சன் போலீஸைக் கட்டுப்படுத்தாது, யூனிவர்சிட்டி போலீஸையும் கட்டுப்படுத்தாது. சரி, டாலஸுக்குள்ளயே ரூம் எடுக்குறேன்னு வச்சுக்கோ, தினமும் கிளாஸுக்கு ரிச்சர்ட்சனுக்குத்தானே வருவ?

அடுத்து நியூ ஜெர்சி. 21 வயசு ஆயிருந்தா கடையில போய் பில்லு போட்டு வாங்கலாம், கையில 6 அவுன்ஸ் வரைக்கும் வச்சிருக்கலாம். 2022 ஏப்ரல்லேர்ந்து கடை ஓடுது. வீட்ல செடி வளக்க அனுமதி இல்ல. இவ்வளவு தாராளமா இருக்கிற ஸ்டேட்லயே உனக்கு எங்கெல்லாம் இடிக்கும்னு சொல்றேன் கேளு.

முதல்ல கேம்பஸ். ஃபெடரல் ஃபண்டு வாங்குற எந்தக் காலேஜும் வளாகத்துல போதைப்பொருளைத் தடுத்தே ஆகணும், 1989லேர்ந்து இருக்கிற சட்டம். அதனால ஸ்டேட்ல லீகலா இருந்தாலும் ஹாஸ்டல் ரூம்ல கிடையாது, கார் பார்க்கிங்ல கிடையாது. மாட்டுனா காலேஜ் ஒழுங்கு நடவடிக்கை. அமெரிக்கப் பையனுக்கு அது ஒரு வார்னிங்கோட போயிடலாம், உனக்கு சஸ்பெண்ட்னு வந்தா உன் செவிஸ் ரெக்கார்டையே (வெளிநாட்டு மாணவர்களைப் பத்தி ஃபெடரல் கவர்மெண்ட் வச்சிருக்கிற கணக்கு) தொடும், அப்புறம் ஸ்டேட்டஸ் போச்சு. அடுத்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் லீஸ்ல புகைக்கக் கூடாதுன்னு எழுதலாம், பெரும்பாலும் எழுதியிருப்பாங்க, நம்மாளுங்க அந்த நாப்பது பக்கத்துல கையெழுத்து போடுற இடத்தை மட்டும்தான் படிக்கிறது. அப்புறம் பீச். சம்மர்ல எல்லாரும் கார் எடுத்துட்டு சாண்டி ஹூக் போவாங்க. அது நேஷனல் பார்க் சர்வீஸ் கையில இருக்கிற இடம், கேட்டைத் தாண்டுனா நீ நிக்கிறது ஃபெடரல் நிலம். ஃபெடரல் சட்டத்துல முதல் தடவை கையில வச்சிருந்து கன்விக்ஷன் ஆனாலே 1 வருஷம் வரைக்கும் ஜெயில், குறைஞ்சது 1000 டாலர் ஃபைன். ஜெர்சி கடையில வாங்குன பில்லை வச்சுக்கிட்டு அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

இதெல்லாம்கூட மாட்டுனாத்தான். மாட்டாமலே விசா போற வழி ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி எந்த ஏஜெண்ட்டும் சொல்ல மாட்டாங்க. அமெரிக்க இமிக்ரேஷன் சட்டத்துல கஞ்சா விஷயத்துக்கு கேஸ் நடந்து தண்டனை வரணும்னு அவசியமே இல்ல. "ஆமா சார், நியூ ஜெர்சியில அடிச்சேன், அங்க லீகல்தானே"ன்னு அதிகாரிகிட்ட நீயா முறைப்படி ஒத்துக்கிட்டாலே உள்ள விட மறுக்க அது போதும். அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வர்ற, விசா முடிஞ்சிருக்கு, ஜெமினி பாலம் கிட்ட கான்சுலேட்ல ஸ்டாம்பிங்க்கு நிக்குற, அங்க கேள்வி வரலாம். திரும்பிப் போகும்போது ஏர்போர்ட்ல போனை வாங்கிப் பாக்கலாம், அவங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு, கேலரியில கையில ஜாயிண்ட்டோட போட்டோ, வாட்ஸப் குரூப்ல "யார்ட்டடா ஸ்டஃப் இருக்கு"ன்னு ஒரு மெசேஜ், போதாதா? 2025 ஜூன்லேர்ந்து ஸ்டூடண்ட் விசாவுக்கு சோஷியல் மீடியா அக்கவுண்டை பப்ளிக்ல வைக்கச் சொல்லியே பாக்குறாங்க. அதே 2025 ஏப்ரல்ல தள்ளுபடி ஆன சின்னச் சின்ன போலீஸ் ரெக்கார்டுக்கெல்லாம் ஸ்டூடண்ட்ஸோட செவிஸை ரத்து பண்ணுனாங்க, கோர்ட்டுக்குப் போன பிறகுதான் நிறைய பேருக்குத் திரும்ப வந்துச்சு. வந்துச்சுதான், ஆனா அந்த வாரங்கள்ல பசங்க பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்துல அம்மாக்களுக்கு ஒண்ணு. "சார், டெக்சாஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாமே, பையனை அங்கேயே அனுப்பிட்டா பயந்துக்கிட்டு ஒழுங்கா இருப்பான்ல"ன்னு கேக்குறீங்க. அம்மா, ஸ்ட்ரிக்ட்டான ஊர்லயும் எல்லாம் கிடைக்கும். ரிச்சர்ட்சன் பக்கத்துலயே ஸ்மோக் ஷாப்ல டெல்டா-8னு போதை தர்ற சரக்கு ஒண்ணு கண்ணாடி அலமாரியில வச்சு வித்துருக்காங்க, ஹெம்ப்லேர்ந்து (டி.எச்.சி. கம்மியா இருக்கிற கஞ்சா வகைச் செடி) எடுத்ததுன்னு பேரு, அதைச் சாப்பிட்டாலும் டிரக் டெஸ்ட்ல டி.எச்.சி. பாசிட்டிவ்தான் காட்டும். கடுமையான ஸ்டேட் உங்க பையனைத் தடுக்காது, அதே தப்புக்கு விலையைத்தான் கூட்டும். பையன் தாராளமான ஊரைத் தேடுறான், நீங்க கடுமையான ஊரைத் தேடுறீங்க, ரெண்டு பேரும் மேப்பைத்தான் பாக்குறீங்க. பழக்கத்தைப் பத்தி வீட்ல உக்காந்து யாரும் பேசலையே. பேசுறதுன்னா கத்துறது இல்ல, எவ்வளவு நாளா, எவ்வளவு அடிக்கடி, எதுக்காகன்னு கேக்குறது.

ரூம்மேட் விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா அடிக்காத பையனும் இதுல சிக்குவான். டூ பெட்ரூம்ல நாலு பேர், ஹால்ல ஒருத்தன் கர்ட்டன் போட்டுட்டுத் தூங்குவான், அப்படித்தான் வாடகையைக் குறைக்கிறாங்க. ஹால் டேபிள் மேல இருக்கிற பொட்டலம் யாரோடதுன்னு டெக்சாஸ்ல போலீஸ் வந்து கேட்டா நாலு பேருக்கும் தலைவலி. அதனால வாட்ஸப் குரூப்ல ரூம் பேசும்போது வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கேக்குற மாதிரி இதையும் கேளு, வெக்கப்படாத. உன்னைப் பத்தியும் மறைக்காத, ஒண்ணும் அறியாத இன்னொரு பையனோட விசாவையும் சேத்து நீ அடகு வைக்கக் கூடாது.

வேலை பக்கம் வருவோம். இங்க ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வித்தியாசம் உண்டு. நியூ ஜெர்சியில டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்துச்சுங்கிற ஒரே காரணத்துக்காக வேலை கொடுக்காம இருக்க முடியாது, கலிஃபோர்னியாவிலயும் 2024 ஜனவரி 1லேர்ந்து வேலை நேரத்துக்கு வெளிய அடிச்சதுக்காக ஒதுக்கக் கூடாதுன்னு சட்டம். டெக்சாஸ்ல அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபெடரல் கான்ட்ராக்ட்னு வந்துட்டா இந்தப் பாதுகாப்புக்கே விதிவிலக்கு இருக்கு, கன்சல்டிங் கம்பெனியில சேந்தா நீ ஒரு ஸ்டேட்டுல இருப்ப, கிளையண்ட் இன்னொரு ஸ்டேட்டுல இருப்பான், அவன் கேக்குற டெஸ்ட்டைக் கொடுத்தாகணும். ரெகுலரா அடிக்கிறவனுக்கு நிறுத்தி ஒரு மாசம் ஆனாலும் யூரின்ல காட்ட வாய்ப்பிருக்கு, ஆஃபர் லெட்டர் வந்த பிறகு நிறுத்திக்கலாம்ங்கிற திட்டம் வேலைக்கு ஆகாது. ஸ்டேட் சட்டம் உன் ஆஃபரைக் காப்பாத்தலாம், விசாவைக் காப்பாத்தாது, ஆஃபர் நிக்கிறதே விசா மேலதான்.

இதைவிட மோசமான பொறி ஒண்ணு இருக்கு, கஞ்சா பக்கமே போகாத நல்ல பிள்ளைங்களும் விழுறது. லீகல் ஸ்டேட்ல இது பெரிய இண்டஸ்ட்ரி. டெஸ்டிங் லேப்ல கெமிஸ்ட், கடைச் சங்கிலியில டேட்டா அனலிஸ்ட், டெலிவரி ஆப்ல டெவலப்பர்னு ஓ.பி.டி.ல (படிப்பை ஒட்டி வேலை பாக்க ஸ்டூடண்ட் விசாவுல கிடைக்கிற அனுமதி) வேலை வரும், சம்பளமும் நல்லா இருக்கும், கம்பெனி ஸ்டேட் லைசென்ஸ் வச்சிருக்கும். ஃபெடரல் பார்வையில அது போதைப்பொருள் வியாபாரத்துல பங்கு. ஸ்டேட்ல லீகலா இருந்தாலும் இந்தத் துறையில வேலை பாத்தது குடியுரிமைக்குத் தடையா வரலாம்னு 2019 ஏப்ரல்ல யு.எஸ்.சி.ஐ.எஸ். (அமெரிக்கக் குடியுரிமை, இமிக்ரேஷன் துறை) எழுத்துலயே சொல்லிடுச்சு. செடியைக் கையால தொட்டவன், சாஃப்ட்வேர் மட்டும் எழுதுனவன்னு வக்கீலுங்க வித்தியாசம் பாப்பாங்க, ஆனா ஓ.பி.டி.ல இருக்கிற 24 வயசுப் பிள்ளை அந்த வாதத்தை நடத்திப் பாக்க வேண்டியதில்ல. அப்ளை பண்ணாதீங்க.

இப்ப நீ என்ன பண்ணணும்னா, முதல்ல டி.எஸ்-160ங்கிற விசா அப்ளிகேஷன் ஃபார்ம். அதுல போதைப்பொருள் சட்டத்தை எப்பவாவது மீறியிருக்கியான்னு ஒரு கேள்வி, அடிமையா இருந்திருக்கியான்னு இன்னொரு கேள்வி இருக்கு. "எல்லாத்துக்கும் நோ போடு தம்பி"ன்னு சொல்ற ஏஜெண்ட் கையெழுத்து போடப்போறதில்ல, நீதான் போடப்போற. பொய்னு தெரிஞ்சா அது தனிக் குத்தம், காலத்துக்கும் விசாவுக்குத் தடையா நிக்கும். உண்மையைச் சொன்னா என்ன ஆகும், உன் விஷயத்துல எது உண்மையான பதில், இதெல்லாம் நான் சொல்லக்கூடாது, அமெரிக்க இமிக்ரேஷன் லைசென்ஸ் இருக்கிற வக்கீல் சொல்லணும். ஃபார்மை சப்மிட் பண்றதுக்கு முன்னாடி காசு கொடுத்து ஒருத்தர்கிட்ட பேசு. கன்சல்டன்சிக்குக் கொட்டுற பணத்துல அது ஒரு ஓரம்.

ரெண்டாவது, இப்பவே நிறுத்து. இந்தியாவுலயும் அது சும்மா இல்ல, என்.டி.பி.எஸ்.ங்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல புகைச்சதுக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, கிளம்புற நேரத்துல இங்க ஒரு கேஸ் விழுந்தா எந்த ஸ்டேட்னு யோசிக்கவே வேண்டாம். நீயா நிறுத்த முடியலைன்னா, வாரக்கடைசி மட்டும்னு சொல்றது செவ்வாய்க்கிழமைக்கு வந்துடுச்சுன்னா, ஒரு மனநல மருத்துவரைப் பாரு. 14446ன்னு போதைப் பழக்கத்தை விட உதவுற அரசு ஹெல்ப்லைன் இருக்கு, இலவச நம்பர்தான், கூப்பிடலாம். எம்.எஸ். முதல் செமஸ்டர்ல தனிமை, குளிரு, கடன் எல்லாம் சேந்து வரும், இங்க வீக்கெண்ட்ல இருக்கிறது அங்க தினமும் ஆகுறதுக்கு நல்லாவே இடம் இருக்கு. நிறுத்த முடியலைன்னா அட்மிஷனை ஒரு வருஷம் தள்ளிவைக்க (டெஃபர்) கேட்டுப் பாரு, நிறைய காலேஜ் கொடுப்பாங்க, அது தோல்வியெல்லாம் கிடையாது.

இது போக மிச்சம் இருக்கிற கேள்விக்கு, அதாவது யூ.டி. டாலஸா என்.ஜே.ஐ.டி.யா, பதில் எல்லாருக்கும் சொல்றதுதான். டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, வாடகை கம்மி, ஆனா ரெண்டாவது செமஸ்டர்ல கார் இல்லாம முடியாது. என்.ஜே.ஐ.டி. இருக்கிறது நியூவார்க்ல, ஹாரிசன் இல்ல ஜெர்னல் ஸ்கொயர்ல ரூம் எடுத்தா பாத் (PATH) டிரெயின்ல நியூவார்க் ஸ்டேஷன் வந்து லைட் ரயில் மாறி காலேஜுக்கும் போகலாம், அதே பாத் டிரெயின்ல நியூயார்க் இன்டர்ன்ஷிப்புக்கும் போகலாம், காரு, இன்ஷூரன்ஸ் ரெண்டும் மிச்சம், ஆனா வாடகை கடிக்கும். உன் கடன் தொகை எவ்வளவு, எந்தக் காலேஜ் ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்குன்னு நீ எழுதவே இல்ல. விசாவுக்காகக் காலேஜ் கொடுக்கிற ஐ-20 ஃபார்ம் ரெண்டுலயும் முதல் வருஷச் செலவுன்னு ஒரு மொத்தம் போட்டிருப்பாங்க பாரு, அந்த ரெண்டு நம்பரையும் அனுப்பு, டெபாசிட் கட்டுற தேதிக்கு முன்னாடி உக்காந்து பாத்துடலாம்.