சிறுத்தையைப் படமெடுக்க உயிரியல் பூங்காவில் பழகுவது காட்டில் உதவுமா?

உதவும், ஆனால் பாதி வேலைக்கு மட்டும். 100-400 மி.மீ. லென்ஸ் வாங்கிய கையோடு காட்டுக்குப் போவதா, முதலில் பூங்காவில் பழகுவதா என்று நீங்கள் கேட்டிருப்பதால், இரண்டிலும் நான் கற்றதைச் சொல்கிறேன்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஞாயிறுதோறும் போய்வந்தேன். புலியையும் சிங்கத்தையும் அகழிக்கு அப்பால் தடையின்றிப் பார்க்க முடிகிறது. மரமேறுவதில் தேர்ந்த சிறுத்தையை அப்படி விட முடியாது என்பதால், பெரும்பாலும் எல்லாப் பூங்காக்களிலும் அது கம்பிவலைக்குள்தான் இருக்கும். அந்த வலையைப் படத்திலிருந்து மறைப்பதே முதல் பாடம். பார்வையாளர் தடுப்பைத் தாண்டாமல், லென்ஸின் துளையை முடிந்தவரை அகலத் திறந்து, 400 மி.மீ. வரை நீட்டி, சிறுத்தை வலையை விட்டுப் பின்னால் விலகும் நேரத்துக்காகக் காத்திருந்தால் கம்பிகள் கரைந்துவிடும். வெயில் படும் வலை வெண்புகை போலப் படத்தை மங்கச் செய்யும் என்பதால், வலை நிழலில் இருக்கும் பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டும். தானியங்கி ஃபோகஸ் வலையையே பற்றிக்கொண்டால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள், அல்லது கையால் திருப்புங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

எழுவதற்கு முன் காதும் வால் நுனியும் எப்படி அசைகின்றன என்பதை அங்கே மணிக்கணக்கில் பார்க்கலாம். ஆனால் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடப்பது அடைபட்ட விலங்கின் மன அழுத்தம். அதைச் சிறுத்தையின் இயல்பான நடை என்று எண்ணிவிடக் கூடாது.

காட்டில் வேலை செய்வது கண்ணைவிடக் காது. தென்னிந்தியக் காடுகளில் புலியும் செந்நாயும் இருப்பதால் சிறுத்தை பெரும்பாலும் ஒதுங்கியே வாழ்கிறது. இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. அங்கே அதுவே உச்ச வேட்டை விலங்கு என்பதால், யால காட்டின் பாறைகளிலும் வில்பத்து காட்டின் மணல் தடங்களிலும் பகலிலேயே தென்படுகிறது. அதை நம்பித்தான் வில்பத்துவுக்குப் போனேன்; முதல் நான்கு சவாரிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவதில், வில்லு என்று அங்கே சொல்லப்படும் குளம் ஒன்றின் அருகே மந்திகள் மரத்திலிருந்து குரைப்பதுபோல் கத்தின. புள்ளிமான்கள் அனைத்தும் ஒரே திசையை நோக்கி விறைத்து நின்று காலைத் தரையில் தட்டின. ஓட்டுநர் உடனே எஞ்சினை நிறுத்தினார். அதிர்வு போனதும் மணல் மூட்டையின் மேல் லென்ஸை வைத்து, ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 3200 என்று அமைத்துக்கொண்டேன். பின்னணிக் காடு இருண்டிருந்தால் கேமரா ஏமாந்து சிறுத்தையின் தோலை வெளிறச் செய்துவிடும். ஆகவே வெளிச்ச அளவை ஒரு படி குறைத்திருந்தேன். இதைச் சிந்திக்காமல் என் கை செய்தது, வண்டலூரில் கழித்த ஞாயிறுகளால்தான்.

முகத்தை நெருக்கமாக எடுக்கும் ஆசையை ஒரு நிமிடம் தள்ளிவைத்து, முதலில் உடலின் பக்கவாட்டை முழுமையாக எடுங்கள் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். ஒரு சிறுத்தையின் புள்ளிகளைப் போல மற்றொன்றுக்கு இருப்பதில்லை. அதே விலங்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறுவேறு. ஆய்வாளர்கள் சிறுத்தைகளைத் தனித்தனியே அடையாளம் காண்பது இந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் என்பதால், இரு பக்கமும் தெளிவாக உள்ள படங்கள் நாளும் இடமும் குறிக்கப்பட்டு அவர்களிடம் சேர்ந்தால் பயன்படும். பொதுவெளியில் பகிரும்போது மட்டும் துல்லியமான இடத்தை நீக்கிவிடுங்கள். பூங்காவில் எடுத்த படமானால் அதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். வலை தெரியாத படத்தைக் காட்டுப் படமாக உலவவிடுவது, பார்ப்பவரையும் அடைபட்டிருக்கும் அந்த விலங்கையும் ஏமாற்றுவதாகும்.

அன்று வில்பத்துவில் அந்தப் பெண் சிறுத்தை தடத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட சில நொடிகளில் எனக்குக் கிடைத்தது அதன் இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கத்துக்காக மீண்டும் போக வேண்டும்.