அடியும் கடனும்: பாதுகாப்புக் கட்டளை கேட்டால் என்ன நடக்கும்?

கேள்வி: கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் அடிக்கிறார். வங்கி அட்டையும் அவரிடம்தான். என் பேரில் எடுத்த குழுக்கடனையும் அவரே செலவழித்துவிட்டார். வழக்குப் போட்டால் அவரை மறியலில் போடுவார்களோ, பிறகு தவணையை எப்படிக் கட்டுவது என்று பயமாக இருக்கிறது.

பதில்: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கேட்கும் பாதுகாப்புக் கட்டளை, உங்களைத் துன்புறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் அவருக்கு இடும் தடை. அதற்காக எவரும் மறியலுக்குப் போவதில்லை. கட்டளையை மீறினால்தான் 10,000 ரூபா வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். காயத்துக்காகப் பொலிஸ் தொடுக்கும் குற்ற வழக்கு வேறு.

குடிதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். குடி அடியைக் கடுமையாக்கும், உண்மை. ஆனால் வெறி முறிந்த காலையிலும் அட்டை அவர் சட்டைப்பையில்தானே இருக்கிறது? உங்களைக் கைக்குள் வைத்திருக்கும் வழி அது. முகம் வீங்கினால் இரண்டு நாள் லீவு, வரவுக் கொடுப்பனவு வெட்டு, தவணை பிந்தும், அதை அடைக்க இன்னொரு கடன், அதனால் அடுத்த சண்டை.

அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய்ப் பழைய அட்டையை நிறுத்தலாம். ஆனால் சம்பள நாளில் இயந்திரம் அட்டையை மறுத்ததும் அவருக்குத் தெரிந்துவிடும், அன்றிரவுதான் ஆபத்து. ஆகவே தங்க ஓர் இடமோ, விசாரணை முடியும்வரை நீதிமன்றம் தரும் இடைக்காலக் கட்டளையோ கிடைத்த பின் நிறுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். அது பதிவாகிப் பின்னர் உங்களுக்கே எதிராக நிற்கும். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவ அரச ஆஸ்பத்திரிகளிலுள்ள நட்பு நிலையத்தைக் கேளுங்கள்.

பொலிஸில் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். "சமாதானமாய்ப் போங்கோ" என்று திருப்பி அனுப்பினால், சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் செய்யும். விசாரணை 14 நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அவர் உங்கள் வேலைத்தலத்துக்கு வரக்கூடாது, உங்களை நிர்க்கதியாக்கும்படி வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும் கேளுங்கள். பலர் அடியை மட்டும் எழுதிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கான தாபரிப்பை (பராமரிப்புச் செலவை) 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் தனியாகக் கேட்கலாம், விவாகரத்துத் தேவையில்லை.

கடன் உங்கள் பேரில் இருப்பதால் பொறுப்பும் உங்களுடையதே. இன்னொரு கடன் எடுக்காமல், தவணையைக் குறைத்துத் தரும்படி நிறுவனத்துக்கு எழுதிப் பிரதியை வைத்திருங்கள். அடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை விண்ணப்பத்தோடு கொடுக்கும் சத்தியக்கடதாசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவர் உங்கள் போனைப் பார்ப்பவரானால், கூட வேலை செய்பவரின் போனிலிருந்து எடுங்கள்.