ரசீதில் கல்லூரிப் பெயர் எங்கே?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ காமர்ஸ் முடித்து 600-க்கு 487 எடுத்திருக்கிறாள். கணவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறார். எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் மதுரை இன்ஸ்டிடியூட் ஒன்றிலிருந்து வந்தவர், 'பிபிஏ லாஜிஸ்டிக்ஸ் அண்டு சப்ளை செயின்' படித்தால் துறைமுகத்தில் 35,000 ரூபாய் சம்பளத்தில் வேலை உறுதி என்றார். மூன்று வருடத்துக்கு 3,60,000 ரூபாய், கடைசி வருடம் கம்பெனியிலேயே பயிற்சி. 15,000 முன்பணம் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் கொடுத்துவிட்டோம். முதல் வருடப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா? ரசீதையும் நோட்டீசையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: கட்டாதீர்கள். படிப்பு நல்லதா என்பதை அப்புறம் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே ஒரு எஜுகேஷனல் டிரஸ்டின் பெயர். பணம் எதற்காக என்ற இடத்தில் 'ஸ்கில் டிரெயினிங் ஃபீஸ்' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அதன் மேலேயே சாய்வாக 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். கல்லூரிப் பெயர் இல்லை, பல்கலைக்கழகப் பெயர் இல்லை, பிபிஏ என்ற மூன்று எழுத்துகூட இல்லை. நோட்டீசின் முன்பக்கம் முழுக்கக் கப்பலும் கிரேனும் கோட் போட்ட ஒரு பெண்ணும். பின்பக்கம் அடியில், பட்டம் 'யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தால் வழங்கப்படும்' என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. எந்தப் பல்கலைக்கழகம்? சொல்ல மாட்டார்கள். மண்டபத்திலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நகரத்தில் இரண்டு மாடி வாடகைக்கு எடுத்து இன்ஸ்டிடியூட் என்று போர்டு மாட்டுவார்கள். அதற்குப் பட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது. அதனால் உங்கள் பெண்ணை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பிலோ ஆன்லைன் படிப்பிலோ பதிந்துவிடுவார்கள். தினமும் யூனிஃபார்ம் போட்டு இந்த மாடிக்குப் போய்வருவதால் வீட்டில் எல்லாரும் ரெகுலர் காலேஜ் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் பல்கலைக்கழகத்துக்குப் போகும். மீதி மாடிக்கு, நோட்டீசுக்கு, மண்டபத்தில் பேசியவரின் கமிஷனுக்கு.

தொலைநிலைப் பட்டம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலைப் பட்டம் செல்லுபடியாகும் பட்டம்தான். சில ஆயிரங்களில் முடிய வேண்டியதை மூன்றரை லட்சத்துக்கு விற்பதுதான் அநியாயம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சட்டப் புத்தகம் வேண்டாம். 'எங்கள் பெண்ணுக்கு அரசின் புதுமைப் பெண் திட்டப் பணம் வருமா?' என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வர வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தாலும் வராது, தொலைநிலையில் சேர்ந்தாலும் வராது. ரெகுலர் கல்லூரி என்றால் பதில் ஒரு சொல்தான். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்மா' என்று இழுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, ஓடிபி. தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர இப்போது மாணவர் பெயரில் டிஇபி ஐடி என்று ஒரு எண் வேண்டும். அதை மாணவரே எடுக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் 'ஸ்காலர்ஷிப்புக்காக' என்று சொல்லிப் பெண்ணின் போனுக்கு வரும் ஓடிபியை வாங்கித் தாங்களே எடுத்துவிடுவார்கள். இதுவரை ஓடிபி கேட்டார்களா என்று மகளிடம் விசாரியுங்கள். கேட்டிருந்தால் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் இனிமேலும் கொடுக்க வேண்டாம்.

'வெளி மாநிலப் பல்கலைக்கழகம், ஆனால் ரெகுலர்தான்' என்று சமாளிப்பார்கள். ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் கல்லூரியை இணைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது. 2005-ல் சத்தீஸ்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்ன விஷயம் இது. மதுரையில் ரெகுலர் பிபிஏ என்றால் பெரும்பாலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாக இருக்கும். உங்கள் மாவட்டம் என்றால் மனோன்மணியம் சுந்தரனார். இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கும். 2024-25 முதல் கல்லூரிகளின் பிபிஏ படிப்புக்கு தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் ஒப்புதலும் வேண்டும். பி.காமுக்கு அது தேவையில்லை.

யுஜிசியின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இந்த இன்ஸ்டிடியூட் இல்லையே என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லலாம். இருக்காது. தன்னைப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்பவர்களைத்தான் அந்தப் பட்டியல் பிடிக்கும். இவர்கள் அப்படிச் சொல்வதே இல்லை. டெல்லியில் யுஜிசியிடம் கேட்டால் 'அது கல்லூரியே இல்லை, எங்களுக்கு வராது' என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால் 'எங்கள் இணைப்பு இல்லை' என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் 'பணம் கொடுத்து வாங்கினது, பேசித் தீர்த்துக்கோங்க' என்பார்கள். வருடா வருடம் ஜூன் மாதம் இந்த மூன்று வாசலுக்கும் அலையும் பெற்றோரைப் பார்க்கிறேன். ஊர் மண்டபத்தில் மைக் வைத்துக் கூவி விற்கும் ஒன்றை எந்த அலுவலகத்தின் விதியும் தொடவில்லை என்றால் அந்த விதிகளை யாருக்காக எழுதினார்கள்?

சரி, கடைசி வருடம் கம்பெனியில் பயிற்சி என்றார்களே, அதுவும் ஏமாற்றா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதே போன்ற, ஆனால் உண்மையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. லாஜிஸ்டிக்ஸ் பிபிஏ, பி.காம் நடத்தும் சில கல்லூரிகளில் தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் லாஜிஸ்டிக்ஸ் திறன் கவுன்சில் இதில் கல்லூரிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. மாணவர் சில செமஸ்டர் வகுப்பில் இருப்பார், சில செமஸ்டர் கிடங்கிலோ தொழிற்சாலையிலோ இருப்பார். அந்த மாதங்களுக்கு மதிப்பெண்ணும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. நல்ல ஏற்பாடு. நான் வகுப்பெடுக்கும் கல்லூரியில் இப்படிப் படித்துவிட்டு வந்த பெண்கள், மற்றவர்களைவிட ஒரு வருடம் முன்னே நிற்கிறார்கள்.

ஆனால் அது 1961-ம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். அரசு போர்ட்டலில் பதிவாகி அதற்கு ஒரு எண் இருக்கும். உதவித்தொகை பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகும், இன்ஸ்டிடியூட் கணக்குக்குப் போகாது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் எந்த செமஸ்டரில் பயிற்சி, எத்தனை கிரெடிட் என்று அச்சில் இருக்கும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், உங்கள் பெண்ணைக் கிடங்கில் பெட்டி எண்ண அனுப்பிவிட்டு, அந்தக் கூலியை வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். உண்மையான ஏற்பாட்டிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி இடம் பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான் வரும். தங்கும் செலவு யாருடையது, வேன் உண்டா, இரவு ஷிப்ட் உண்டா? இதைக் கல்லூரியில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இனி படிப்பு. உங்கள் கணவருக்கு நான் சப்ளை செயின் பற்றி விளக்க வேண்டியதில்லை. கேரளாவிலிருந்து குச்சி வர ஒரு நாள் தாமதமானால் ஆபீசில் யார் யார் சும்மா உட்காருவார்கள், அட்டை கூடுதலாக வாங்கிப் போட்டால் எவ்வளவு பணம் முடங்கும், வடநாட்டு ஏஜெண்டுக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர் தினமும் பார்ப்பது. அதைக் கணக்காகவும் முறையாகவும் படிப்பதுதான் இந்தப் படிப்பு. எதிர்காலம் உண்டு. ஆனால் துறைமுகத்தில் வேலை உறுதி என்பது சுத்தப் பொய். துறைமுக நிர்வாகம் கேம்பஸ் இன்டர்வியூ வைத்து இன்ஸ்டிடியூட்டிலிருந்து ஆள் எடுப்பதில்லை. வேலை இருப்பது சுங்க வேலைகளை முடித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில், கப்பல் புக்கிங் செய்யும் ஃபார்வர்டர்களிடம், கண்டெய்னர் நிலையங்களில், கிடங்குகளில், தொழிற்சாலை ஸ்டோரில். முதல் சம்பளம் மண்டபத்தில் பேசியவர் சொன்னதில் பாதியைக்கூட எட்டாது. இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் ஏறும்.

நல்ல வாத்தியார் இருக்கிறாரா என்று பார்க்க நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள அட்டைப்பெட்டி, 20 அடி கண்டெய்னரில் எத்தனை ஏறும்? கண்டெய்னரின் உள்ளளவு சுமாராக 5.89 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.39 உயரம். கால்குலேட்டரைத் தட்டுபவர் கொள்ளளவை வகுத்து 344 என்பார். சரக்கு மேடையில் நின்று ஏற்றிப் பார்த்தவர் முதலில் உயரத்தைப் பார்ப்பார். ஐந்து அடுக்குக்கு 2 மீட்டர். மேலே 39 செ.மீ. மிச்சம், பெட்டிக்கு வேண்டியது 40. ஒரு சென்டிமீட்டரில் ஆறாவது அடுக்கே போச்சு. அப்புறம் பெட்டியைச் சாய்க்காமல், தரையில் குறுக்காகவும் நெடுக்காகவும் மாற்றி அடுக்கி, அடுக்குக்கு 53 வீதம் 265-ல் நிற்பார். சரக்கு தீப்பெட்டி என்றால் இன்னொன்றும் கேட்பார்: கப்பல் விதிகளில் அது 4.1 வகை, எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள், அதற்கான ஆபத்துச் சரக்கு உறுதிமொழி தயாரா என்று. எங்கள் அலுவலகத்துக்கு இன்டர்வியூ வந்த ஒரு பையன், பளபளப்பான டிப்ளமா வைத்திருந்தவன், 344 என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

உங்கள் பெண்ணுக்கு என் யோசனை, பக்கத்தில் இருக்கும் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.காம். பட்டத்தில் லாஜிஸ்டிக்ஸ் என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உதாரணத்துக்கு, கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமத் தேர்வு. ஏதாவது ஒரு பட்டம் இருந்து, சுங்கத் துறை தரும் 'ஜி' கார்டு என்ற ஊழியர் அட்டையை வாங்கி, புரோக்கர் ஆபீசில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால் அதை எழுதலாம். தூத்துக்குடி உங்களுக்கு எட்டும் தூரம்தான். படிக்கும்போதே எக்செலும், இ-வே பில்லும், ஷிப்பிங் பில்லைப் படிக்கவும் பழகட்டும். மேலே படிக்க ஆசைப்பட்டால் டான்செட் எழுதி எம்பிஏ, அல்லது சென்னையில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். அதெல்லாம் மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற விஷயம்.

இப்போது அவசரம் டிசிதான். அது கையில் இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும், அதனால்தான் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் அது கல்லூரிகளுக்கு. இவர்கள் கல்லூரியே இல்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

அதே காரணத்தால் இன்னொரு கதவு திறக்கிறது. பணம் வாங்கிப் பயிற்சி விற்கும் இடம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுங்கள்: சேர்க்கையை ரத்து செய்கிறோம், ஏழு நாளில் சான்றிதழ்களையும் 15,000 ரூபாயையும் திருப்பித் தரவும், இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்திலும் போலீசிலும் புகார் செய்வோம் என்று நாலு வரி. பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புதலோடு. மண்டபத்தில் பேசியவரிடம் போனில் பேசாதீர்கள், பேசினால் மறுபடி மயக்கிவிடுவார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவையுங்கள்.

பணம் உடனே வராமல் போகலாம், அதற்காகச் சான்றிதழைக் காத்திருக்க விடாதீர்கள். கணவரோடு பெண்ணின் தாய்மாமன் மாதிரி இன்னும் இரண்டு பேர், கடித நகலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு நேரில் போகட்டும். மார்க் ஷீட்டும் டிசியும் கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கே கல்லூரி அலுவலகத்துக்குப் போய் பி.காமில் காலியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.