வெளிநாட்டில் ஏமாந்து ஊர் திரும்பியவர்கள்: கேள்வி பதில்

கே: தம்பி கம்போடியாவிலிருந்து தப்பி வந்துவிட்டான். டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். போலீசுக்குப் போனால் அவனையே பிடிப்பார்களா அக்கா?

ப: உங்கள் பயம் புரிகிறது. முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள். அவரோடு போய்ப் புகார் கொடுங்கள். ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைச் சுரண்டலுக்குக் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஆள்கடத்தல். ‘அவனே சம்மதித்துத்தான் வந்தான்’ என்று ஏஜென்ட் தப்ப முடியாது.

போனில் எதையும் அழிக்க விடாதீர்கள். ஒரு பையன் என் எதிரிலேயே உட்கார்ந்து ஏஜென்ட்டின் வாய்ஸ் மெசேஜ்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். “இந்தக் குரலைக் கேட்டாலே கை நடுங்குதுக்கா” என்றான். மிச்சமிருந்த நான்கை வேறு போனுக்கு மாற்றி வைத்தோம். புகாரோடு கொடுக்க அதுதான் இருந்தது.

கே: ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று எப்படிப் பார்ப்பது?

ப: வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

கே: விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரே?

ப: மேலே சொன்னதுதான். போகாதீர்கள்.

கே: பேராசைப்பட்டுப் போனவர்களுக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்?

ப: இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீண்டு 13 தமிழர்கள் சென்னை வந்தார்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பி விமானம் ஏறியவர்கள். வேலை தேடுவது பேராசையா? இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் திரும்பி வந்தவர்கள் இருட்டிய பிறகு வெளியே வருகிறார்கள், புகார் கொடுக்காமலே விடுகிறார்கள். அதே ஏஜென்ட் அடுத்த தெருவில் ஆள் பிடிக்கிறான்.

கே: அவர் கேட்டதை விடுங்கள். வாங்கிய கடனுக்கு வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறார்களே?

ப: தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டிய தொகையைத் தேதியோடு எழுதி எடுத்துப்போய்ப் புகார் கொடுங்கள்.

கே: செங்கல் சூளையிலிருந்து மீட்டார்கள், உதவித்தொகை வரவில்லை.

ப: வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ), கொத்தடிமையிலிருந்து விடுவித்ததற்கான விடுதலைச் சான்றிதழ் வாங்கினீர்களா? அதுதான் முதல் காகிதம்.

கே: குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய அம்மா பேசுவதே இல்லை. என்ன நடந்தது என்று எப்படிக் கேட்பது?

ப: கேட்காதீர்கள் கண்ணு. உள்ளே தாழிட்டுக்கொண்டு தூங்க ஓர் அறை கொடுங்கள். அவர் சம்மதித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சீட்டுப் பதியுமிடத்தில் ‘தூக்கம் வரவில்லை’ என்று சொன்னால் போதும். மற்றதை அவர் டாக்டரிடம் தனியாகச் சொல்லட்டும்.