இண்டராக்டிவ் மீடியா பசங்களுக்கு செமினார், ஐவி எல்லாம் எப்படி பிளான் பண்றது?

புதுசா சேர்ந்த இண்டராக்டிவ் மீடியா (ஜனங்க கை வச்சு யூஸ் பண்ற ஸ்கிரீன், ஆப், கேம் மாதிரியானத டிசைன் பண்ற படிப்பு) டிபார்ட்மெண்ட்ல ரெண்டு செமினாரையும் ஒரு ஐவியையும், அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட்டையும், உங்க தலைல கட்டிட்டாங்க, எந்த கேம் ஸ்டுடியோவுக்கு இல்ல விஎஃப்எக்ஸ் கம்பெனிக்கு கூட்டிட்டு போலாம்னு கேட்டிருக்கீங்க. சென்னைல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பல வருஷமா இதே வேலைய பாக்கறதால நேராவே சொல்லிடறேன், கம்பெனியே வேணாம்.

ரிலீஸ் ஆகாத வேலைய எந்த ஸ்டுடியோவும் வெளியாளுக்கு காட்டாது, கிளையண்ட் கிட்ட கையெழுத்து போட்டு குடுத்திருப்பாங்க. அதனால போனதும் கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்கார வச்சு எச்ஆர் ஒரு பிபிடி போடுவாங்க, அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருக்கறவங்க முதுக பாக்கலாம், பிஸ்கட், டீ, வாசல்ல பேனர் புடிச்சு குரூப் போட்டோ, அவ்ளோதான். மதியத்துக்கு மேல டூர் ஏஜென்ட் பேக்கேஜ் படி ஊட்டியோ வொண்டர்லாவோ. ஐவின்னா அந்த ரெண்டாவது பாதிதான்னு பசங்களுக்கும் தெரியும் நமக்கும் தெரியும்.

நான் கூட்டிட்டு போறது ஜனங்க வந்து கை வைக்கற இடங்களுக்குத்தான். பெங்களூருக்கு பர்மிஷன் கிடைச்சா கஸ்தூர்பா ரோடு ஒண்ணே போதும். அங்க விஸ்வேஸ்வரய்யா மியூசியம் இருக்கு, 1962ல நேரு திறந்து வச்சது, பட்டன அமுக்கறது, கைப்பிடிய சுத்தறதுன்னு பூரா பழைய ஸ்டைல் எக்ஸிபிட். அதே ரோட்ல கொஞ்ச தூரம் நடந்தா 2023ல திறந்த மேப், அதாவது மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் ஃபோட்டோகிராஃபி, அங்க டச் ஸ்கிரீன் எல்லாம் வச்சிருக்காங்க. காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு பாத்தா அறுபது வருஷ வித்தியாசம் பசங்களுக்கு தானா புரியும், நீங்க லெக்சர் எடுக்க வேண்டியதே இல்ல. மறுநாளும் இருக்க முடிஞ்சா ஜேபி நகர்ல இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ், 2019ல திறந்தது, வெளிய தோட்டத்துல நாமளே தட்டி சத்தம் வரவைக்கற மாதிரி வச்சிருக்காங்க, கிரீன் லைன் மெட்ரோல போயி அங்கேர்ந்து ஆட்டோ. இதுவும் மேப்பும் திங்கட்கிழமை லீவு, இத பாக்காம டிக்கெட் போட்டுடாதீங்க.

போயிட்டு என்ன பண்றதுங்கறதுதான் முக்கியம். சும்மா விட்டா செல்ஃபி எடுத்துட்டு வெளிய வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்க. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒரு ஜோடிக்கு ஒரு எக்ஸிபிட்னு குடுத்துருங்க, அரை மணி நேரம் அத விட்டு நகரக்கூடாது, பாக்க வேண்டியது எக்ஸிபிட்ட இல்ல, அதுகிட்ட வர்ற ஆளுங்கள. யாரு முதல்ல கை வைக்கறாங்க, எழுதி வச்சிருக்கற இன்ஸ்ட்ரக்ஷன யாராச்சும் படிக்கறாங்களா (சின்ன பசங்க எல்லாத்தையும் அமுக்கி முடிச்சப்புறம்தான் கூட வந்த அப்பா போர்ட படிக்க ஆரம்பிப்பாரு), எந்த இடத்துல குழம்பி விட்டுட்டு போறாங்க, குள்ளமா இருக்கறவங்களுக்கும் வீல்சேர்ல வர்றவங்களுக்கும் எட்டுதா, இதெல்லாம் நோட்ல எழுதணும். ஸ்கிரீன் ஆஃப் ஆகி இருந்தா கொஞ்சம் சாஞ்சு நின்னு வெளிச்சத்துல பாக்க சொல்லுங்க, விரல் அழுக்கு தெரியும். பட்டனே இல்லாத இடத்துல நிறைய அழுக்கு இருந்தா ஜனங்க அங்க பட்டன் இருக்கும்னு நெனச்சிருக்காங்கன்னு அர்த்தம், இத எந்த சிலபஸும் சொல்லித் தராது. வேலை செய்யலன்னு அட்டை தொங்கற எக்ஸிபிட்டையும் ஒரு ஜோடிக்கு கண்டிப்பா குடுங்க, எனக்கு வந்ததுலயே நல்ல ரிப்போர்ட் எல்லாம் அப்படிப்பட்டதுலேர்ந்து வந்ததுதான்.

வெளியூர் பட்ஜெட் இல்லன்னா சென்னைக்குள்ளயே முடியும். எங்கிட்ட கேட்டா மெட்ரோ டிக்கெட்டே ஒரு முழு ஐவி. கவுண்டர்ல வாங்கலாம், மெஷின்ல வாங்கலாம், ஆப்ல வாங்கலாம், 2023 மே மாசத்துலேர்ந்து வாட்ஸ்அப்லயும் வாங்கலாம். ஒரே டிக்கெட்டுக்கு இத்தன வழி இருந்தும் சென்ட்ரல்ல மெஷின் முன்னாடி ஒருத்தர் நின்னு யோசிச்சு பின்னாடி நிக்கறவர கேட்டு கடைசில கவுண்டர் க்யூவுக்கே போறாருன்னா ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் அசைன்மெண்ட். போட்டோ வீடியோ எடுக்கறதா இருந்தா முன்னாடியே லெட்டர் குடுத்து பர்மிஷன் வாங்கிக்கோங்க, எப்படி இருந்தாலும் ஜனங்க முகத்த எடுக்க வேணாம். எழும்பூர் மியூசியமும் நல்ல சாய்ஸ், 1851லேர்ந்து இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு, அங்க தொட்டுப் பாக்க அதிகம் ஒண்ணும் இல்லங்கறதாலயே பசங்கள டிசைன் பண்ண சொல்ல வசதி. மதுரை பக்கம் இருக்கறவங்க கீழடி மியூசியத்த விட்டுடாதீங்க, 2023ல திறந்தது.

செமினார பொறுத்தவரைக்கும், ஒண்ணு டிரிப்புக்கு முன்னாடி ஒண்ணு டிரிப் முடிஞ்ச அதே வாரம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடிட்டோரியத்துல வச்சு, ஹால் நிரம்பணும்னு காமர்ஸ் பசங்களையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சு, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மொமெண்டோ எல்லாம் முடிஞ்சு ரிசோர்ஸ் பர்சன் மைக்க புடிக்கும்போது பாதி ஹால் தூங்கிட்டு இருக்கும். லேப்லயே வைங்க, உங்க பசங்க மட்டும் போதும், நாக் (காலேஜுக்கு கிரேடு போடற அமைப்பு) ஃபைலுக்கு இடம் பதிவாகற ஜியோ டேக் போட்டோ ரெண்டு எடுத்தா வேலை முடிஞ்சுது.

ஆள் யாருன்னா, முதல் செமினாருக்கு ஸ்கிரீன் ரீடர் (ஸ்கிரீன்ல இருக்கறத சத்தமா படிக்கற சாஃப்ட்வேர்) வச்சு போன் யூஸ் பண்ற பார்வையில்லாத ஒருத்தர கூப்பிடுங்க, ஆண்ட்ராய்டுல இருக்கற டாக்பேக்க ஆன் பண்ணி ஒரு ஷாப்பிங் ஆப்ப எப்படி ஓட்டறாங்கன்னு பெரிய ஸ்கிரீன்ல காட்டட்டும், லேபில் போடாத பட்டன் வர்றப்ப வெறும் "பட்டன், பட்டன்"னு அது கத்தறத கேட்டா அப்புறம் பசங்க லேபில் போட மறக்க மாட்டாங்க. வெளியாள தேடி அலையவும் வேணாம், உங்க காலேஜ்லயே தமிழோ ஹிஸ்டரியோ படிக்கற ஒருத்தர் இருக்கலாம், மத்த கெஸ்டுக்கு என்ன ஹானரேரியமோ அதையே குறைக்காம குடுங்க. ரெண்டாவதுக்கு கியாஸ்க், அதாவது பொது இடத்துல ஜனங்களே யூஸ் பண்ற ஸ்கிரீன் மெஷின், மெயின்டனன்ஸ் பாக்கற டெக்னீஷியன். எது அடிக்கடி உடையுது, எதுல தண்ணி ஊத்தறாங்க, கரண்ட் போயிட்டு வந்தா எந்த சிஸ்டம் விண்டோஸ் டெஸ்க்டாப்ப காட்டிட்டு நிக்குதுன்னு அவர்தான் சொல்வாரு. ஹெச்ஓடி முகம் சுளிப்பாங்க, சீஃப் கெஸ்ட் பேருக்கு பின்னாடி டாக்டர் பட்டம் இல்லன்னு, கொஞ்சம் பேசி சமாளிச்சுக்கோங்க.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் யாருக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க. 2014 ஜூன்ல இமாச்சலுக்கு டூர் போன ஐதராபாத் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ் 24 பேர் பியாஸ் ஆத்துல அடிச்சுட்டு போயிட்டாங்க, போட்டோ எடுக்க ஆத்துக்குள்ள நின்னப்ப லார்ஜி டேம்லேர்ந்து தண்ணி திறந்து விட்டாங்க. அதனால ஏஜென்ட் பேக்கேஜ்ல "போற வழில ஒரு ஃபால்ஸ்"னு சேத்திருந்தா அத லிஸ்ட்லேர்ந்து அடிச்சுருங்க. பேரண்ட்ஸ் கையெழுத்து, லேடி ஃபேகல்ட்டி, டீஜே பஸ்ஸுக்கு பதிலா டிரெயின். வொண்டர்லா கேட்டு அழுவாங்க, டைம் இருந்தா கூட்டிட்டு போங்க, க்யூ எப்படி வளைச்சு விட்டிருக்காங்கன்னு வரைஞ்சு குடுத்தா ஓடி (ஆன் டியூட்டி, லீவா கணக்கு வராது) போட்டுடலாம்.

ரிப்போர்ட்டுனு பத்து பக்கம் கேக்காதீங்க, மியூசியம் வெப்சைட்டையே காப்பி பண்ணி ஸ்பைரல் பைண்டிங் போட்டு குடுப்பாங்க. பாத்த எக்ஸிபிட்ல ஒரே ஒரு விஷயத்த மாத்தி பேப்பர்ல புரோட்டோடைப் செஞ்சு, கேன்டீன்ல வர்ற நாலு பேருக்கிட்ட குடுத்து பாத்துட்டு வர சொல்லுங்க, அத வச்சே இன்டர்னல் மார்க் போடலாம். ஆட் செமஸ்டர்னா (1, 3, 5ன்னு ஒற்றைப்படைல வர்ற செமஸ்டர்) ஆகஸ்ட்லயே எல்லாத்தையும் முடிச்சிருங்க, அக்டோபர் தாண்டினா மழை லீவும் மாடல் எக்ஸாமும் மாறி மாறி வரும், பிரின்சிபல் கிட்ட லெட்டர் கையெழுத்து வாங்கவே ரெண்டு வாரம் ஆகும்.