பழைய ஸ்டைல் மைக்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

சார், ஷூர் கம்பெனியின் பழைய 55 மாடல் மாதிரி மைக் ஒன்று வாங்கினேன். மேல்பக்கம் வாயை வைத்துப் பாடினால் குரல் மந்தமாக இருக்கிறது. மைக் பழுதா?

பழுது இல்லை. நீங்கள் பாடுகிற இடம்தான் தப்பு. கையில் பிடிக்கிற மைக்குக்கு உச்சந்தலையில் காது, இதற்கு முகத்தில் காது. கம்பிகள் செங்குத்தாக ஓடும் முன்பக்கத்துக்கு நேராக நின்று பாடுங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி நின்றால் போதும். இன்னும் ஒட்டினால் அடிக்குரல் (பேஸ்) பெருகும். மெல்லிய குரலுக்கு அது லாபம், கனத்த குரலுக்கு வெறும் உறுமல்.

ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துப் பாடலாமா அண்ணா? பார்க்க ஸ்டைலாக இருக்குமே!

ஸ்டைல்தான், சத்தம்தான் கெடும். வார்ப்பு உலோகக் கூடு என்பதால் நல்ல கனம். கை உரசுவதும் கேட்கும். அதைவிட முக்கியம், பின்பக்கத் திறப்புகள். பின்னாலிருந்து வரும் ஒலி அதன் வழியாக உள்ளே போய்த்தான், முன்னால் வருவதோடு கழிந்து அடங்குகிறது. ஒலியை வாங்கும் ஒரே ஒரு உறுப்பை வைத்து இதைச் சாதித்த வேலை 1939-ல் ஷூர் யூனிடைன் 55-இல் வந்தது, பெஞ்சமின் பாவர் வடிவமைத்தது. பின்பக்கத்தைக் கையால் பொத்தினால் அந்த வித்தை போய்விடும், மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து ஸ்பீக்கரோடு சேர்ந்து ஊளையிடும்.

மானிட்டரை (பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) எங்கே வைப்பது?

கார்டியாய்டு (முன்பக்கம் நன்றாகக் கேட்டு, நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும் ரகம்) என்றால் மைக்கின் நேர் முதுகுக்குப் பின்னால். ஷூரின் 55 எஸ்ஹெச் மாடல் அந்த ரகம். சூப்பர் 55 மாடல் சூப்பர்கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் ரகம், ஆனால் அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதனால் மானிட்டரைப் பின்பக்கம் சற்றுச் சாய்வாக, ஓரத்தில் வையுங்கள்.

பழைய மைக் ஒன்று கிடைத்தது. உள்ளேயிருந்து கறுப்பாகப் பொடி உதிர்கிறது.

அது உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச். வயதானால் ஒட்டும் பசை போலாகிப் பொடியும். பொடி டயாஃப்ரம் (ஒலிபட்டு அதிரும் மெல்லிய தகடு) மேல் படிந்தால் உயர்ஸ்தாயி மங்கிவிடும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். முன்கூட்டைத் திறந்து (திருகு இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், வலுவாக நெம்பாதீர்கள்) பழையதைப் பிய்த்தெடுத்துவிட்டு, கண்துளை தெரியும் திறந்த ரக ஸ்பாஞ்ச் வெட்டிப் போடுங்கள். பார்சலில் வரும் அடைத்த ஸ்பாஞ்ச் வேண்டாம், ஒலியையே அடைக்கும். திறந்திருக்கும்போது மேஜையில் இரும்புத்தூள், திருகாணித் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே காந்தம் இருக்கிறது, ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

எச்சில் வாடை போக சானிட்டைசர் அடிக்கலாமா?

நேராக அடிக்கவே கூடாது. துணியில் சிறிது நனைத்துக் கூட்டின் வெளியே மட்டும் துடையுங்கள். ஸ்பாஞ்சைத் தனியே எடுத்து இளஞ்சோப்பு நீரில் அலசி, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். க்ரோமுக்கு சுரண்டும் பாலிஷ் வேண்டாம். பூச்சு மெல்லியது, தேய்ந்தால் திரும்ப வராது.

ஃபேன்டம் பவர் (மிக்சர் கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) போனால் எரிந்துவிடுமா?

சரியான எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிளில் வந்தால், இதுபோல காந்தமும் காயிலும் (கம்பிச் சுருள்) கொண்ட டைனமிக் மைக்குக்கு ஆபத்து இல்லை. உள்ளே காயிலின் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம், எனவே அதன் வழியே மின்சாரம் ஓடாது. ஷார்ட் ஆன கேபிளும், அன்பேலன்ஸ்டு (மூன்றுக்குப் பதில் இரண்டே கம்பி இணைப்பு) மாற்றிகளும்தான் வில்லங்கம். தேவையில்லையென்றால் அணைத்தே வையுங்கள்.

பழைய ஹை இம்பீடன்ஸ் (மின்தடை அதிகமான) மைக், நீளக் கேபிள் போட்டால் குரலில் பளபளப்பே இல்லை.

உயர்ஸ்தாயியைக் கேபிள் தின்றுவிடுகிறது. கேபிளைச் சில மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் மைக் பக்கத்திலேயே மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி லோ இம்பீடன்ஸாக (மின்தடை குறைந்ததாக) மாற்றி அனுப்புங்கள்.

ஆன்-ஆஃப் சுவிட்சைத் தொட்டால் கரகரவென்கிறது.

காண்டாக்ட் கிளீனரைச் சுவிட்சில் மட்டும், கேப்சூலில் (ஒலியை வாங்கும் உறுப்பில்) படாமல், ஒரு துளி. சிலதடவை ஆட்டிவிடுங்கள். அப்புறமும் கரகரத்தால் மாற்றிவிடுங்கள். நிகழ்ச்சியில் எப்படியும் நான் அதை ஆனிலேயே விட்டு மிக்சரில்தான் மியூட் செய்வேன்.