அப்பச்சிக்கு எந்தச் சக்கர நாற்காலி?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 74 வயது, ஒல்லியான உடம்பு. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் விளங்கவில்லை. வலது பக்கம் நல்ல பலம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் தம்பி 18 அங்குல இருக்கை உள்ள சக்கர நாற்காலியை ஆன்லைனில் வாங்கி அனுப்பினான். அதில் இடது பக்கமே சரிந்து உட்கார்கிறார். அவராகத் தள்ளினால் வண்டி இடது பக்கமே திரும்புகிறது. வளவு முற்றத்திலிருந்து அறைக்குள் நுழையும்போது வாசல் இடிக்கிறது. பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. வேறு வாங்கலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேறு வாங்க வேண்டித்தான் இருக்கும். ஆனால் இந்த முறை முதலில் டேப்பை எடுத்து அப்பச்சியை அளந்துவிடுங்கள். கெட்டியான பெஞ்சில் உட்கார வைத்து, இடுப்பு அகலமாக இருக்கும் இடத்தை அளந்து, ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் சேர்த்தால் போதும். அதற்கு மேல் அகலம் இருந்தால் விளங்காத பக்கம் சரியத்தான் செய்வார். 18 அங்குல இருக்கை என்றால் வண்டியின் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். இருக்கை 16 ஆனால் அதில் இரண்டு அங்குலம் குறையும். உங்கள் அறை வாசலுக்கு அந்த இரண்டு அங்குலமே போதுமாக இருக்கலாம். அதையும் அளந்து பாருங்கள்.

அகலத்தைவிட முக்கியம் உயரம். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு கையால் வலது சக்கரத்தை மட்டும் தள்ளினால் வண்டி இடது பக்கம் திரும்பும். அது வண்டியின் குற்றம் இல்லை. வலது காலைத் தரையில் ஊன்றி இழுத்தால்தான் நேராகப் போகும். சாதாரண நாற்காலியின் இருக்கை 19, 20 அங்குல உயரம். மேலே மெத்தையும் போட்டால் கால் எங்கே எட்டும்? செருப்போடு முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். மெத்தை அமுங்கிய பிறகு இருக்கை அந்த உயரத்தில் இருக்க வேண்டும். சில மாடல்களில் பின்சக்கர அச்சையும் முன்சக்கரத்தையும் வேறு துளைகளுக்கு மாற்றி இருக்கையைத் தணிக்கலாம். தம்பியை அதை விசாரிக்கச் சொல்லுங்கள். வலது பக்கக் கால் மிதியைக் கழற்ற முடிய வேண்டும். இடது கால் மிதியிலேயே இருக்கட்டும். பின்சக்கரம் சின்னதாக உள்ள வண்டி வேண்டாம். அது பிறர் தள்ளுவதற்கானது.

இடது கைதான் எனக்குக் கவலை. இடது பக்கம் பக்கவாதம் வந்த சிலருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மறந்துபோகும். கை நழுவிச் சக்கரக் கம்பிக்குள் போனாலும் உடனே தெரியாது. கைப்பிடிமேல் தலையணை வைத்துக் கையை அதில் தாங்க வையுங்கள். இடது பிரேக்கைப் போடவும் மறந்துவிடுவார். அந்த லிவருக்கு ஒரு குழாயைச் சொருகி நீட்டி, சிவப்பு டேப் சுற்றினால் வலது கையால் எட்டிப் போடுவார்.

மெத்தைக்கு மூன்று, நான்கு அங்குல கெட்டி ஃபோம் போதும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம்; அது சுற்றியுள்ள சதையை நெருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றச் சொல்லுங்கள். இரவில் வால் எலும்பையும் புட்டத்தையும் பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் எடை படாமல் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரேக் பிடிக்காததற்குப் பெரும்பாலும் டயரில் காற்று குறைந்ததே காரணம். பிரேக் கட்டை டயரைத்தானே அழுத்துகிறது! வாரம் ஒருமுறை காற்று பாருங்கள். எவ்வளவு என்று டயரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். காற்றே அடைக்காத கெட்டி ரப்பர் டயர் என்றால் பிரேக் போல்ட்டைத் தளர்த்தி, கட்டையை டயர் பக்கமாகச் சற்று நகர்த்தி முடுக்க வேண்டும். பக்கத்து சைக்கிள் கடையிலேயே செய்துவிடுவார்கள். பின்னாலிருந்து நீங்கள் தள்ளும்போதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முன்சக்கர அச்சைப் பாருங்கள். தலைமுடியும் நூலும் சுற்றி, நம் ஊர்ச் செம்மண் தூசியோடு கெட்டிப்பட்டிருக்கும். கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம். ஹோஸ் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், பேரிங் துருப்பிடிக்கும்.

நிலைப்படிக்கு வருவோம். தேக்கு நிலையை அறுக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. இரண்டு பக்கமும் மரத்தில் சாய்தளம் வையுங்கள். உயரம் ஓர் அங்குலம் என்றால் நீளம் 12 அங்குலம். அதற்குக் குறைந்தால் தனியாக ஏறச் சிரமப்படுவார். முகப்புப் படிக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைக்காது, அங்கே இரண்டு பேர் பிடிக்கத்தான் வேண்டும். செங்குத்தான சரிவில் இறக்கும்போது வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இறக்குங்கள். ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருந்தால் பிரேக் போட்டும் வண்டி வழுக்கும். துடைத்துவிட்டே கட்டிலுக்கு மாற்றுங்கள். அவருடைய வலது பக்கம் கட்டில் வரும்படி நிறுத்தி, இரண்டு பிரேக்கும் போட்டு, கால் மிதியை மடக்கிய பிறகு எழுப்புங்கள்.

அப்புறம், பணம் கொடுப்பதற்கு முன் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டை இருந்தால் உதவி உபகரணத்துக்கு விண்ணப்பிக்கலாம். எழுதிய அளவுகளை அங்கேயும் கொடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி 18 அங்குலமே வந்து சேரும்.